எளிய கிரேக்க வெண்கலக் காசுகள்: வாங்குவதும் அடையாளம் காண்பதும்

பண்டைய கிரேக்கக் காசு என்றால் ஆந்தை பொறித்த ஏதென்சு வெள்ளிக் காசோ, அலெக்சாண்டரின் பெயர் தாங்கிய பெரிய வெள்ளிக் காசோதான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. அவை அழகானவை, விலையும் அதற்கேற்றபடியே இருக்கும். ஆனால் கிரேக்க நகரத்துச் சந்தையில் அன்றாடம் கைமாறியது பெரும்பாலும் வெண்கலச் சில்லறைதான். சிசிலியிலும் தென் இத்தாலியிலும் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் வேரூன்றிய இந்தச் சில்லறை, அடுத்த நூற்றாண்டில் கிரேக்க உலகெங்கும் பரவியது. அதற்கு முன்பு சிறு கொடுக்கல் வாங்கலுக்கு அரை கிராமுக்கும் குறைவான வெள்ளித் துணுக்குகளைப் பயன்படுத்தினார்கள். விரல் இடுக்கில் நழுவிப்போகும் அந்தத் துணுக்கின் இடத்தைத்தான் வெண்கலம் பிடித்தது. ஏதென்சில் எட்டு கல்கோய் என்னும் வெண்கலக் காசுகள் சேர்ந்தது ஓர் ஓபோல் என்னும் சிறு வெள்ளிக் காசு. ஆறு ஓபோல் சேர்ந்தது ஒரு திராக்மா.

வெண்கலக் காசின் மதிப்பு அதிலுள்ள உலோகத்தின் மதிப்பைச் சார்ந்ததாக இல்லாமல், அதை வெளியிட்ட நகரமோ அரசனோ விதித்த மதிப்பாகவே இருந்தது. ஆகவே வெள்ளியை நிறுத்ததுபோல் ஒவ்வொரு வெண்கல வில்லையையும், அதாவது உருவம் பதிக்கும் முன் உள்ள வெற்று உலோகத் துண்டையும், நுணுக்கமாக நிறுக்க வேண்டிய தேவை காசு அடிக்கும் அச்சுக்கூடத்துக்கு இருக்கவில்லை. ஒரே அச்சில், அதாவது உருவத்தைப் பதிக்கும் ஒரே செதுக்கிய முத்திரையில், அடித்த இரண்டு காசுகளில் ஒன்று 5 கிராமும் மற்றொன்று 7 கிராமும் இருப்பது வியப்பில்லை. நூலிலுள்ள எடையோடு தம் காசின் எடை பொருந்தவில்லை என்று சரியான முடிவையே கைவிடுகிற புதியவர்கள் இதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது

கிரேக்கக் காசுகளை வெளியிட்ட நகரங்களும் அரசுகளும் பல நூறு. ஸ்பெயின் கடற்கரையிலிருந்து ஆப்கானிஸ்தான் வரை அவை பரவிக் கிடக்கின்றன. அனைத்திலும் ஒவ்வொன்று சேர்க்க முற்படுகிறவர் எதையும் நன்றாகப் பார்க்கக் கற்பதில்லை என்பது என் கருத்து. பெருமளவில் அடிக்கப்பட்டதும், விலை எட்டக்கூடியதும், நன்கு ஆய்ந்து பதிப்பிக்கப்பட்டதுமான ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டு, அதில் பத்துப் பன்னிரண்டு காசுகளையாவது பார்த்துப் பழகிய பிறகு அடுத்ததற்குப் போவது நல்லது.

மாசிடோனிய அரசர்களின் காசுகள் அப்படிப்பட்டவை. இரண்டாம் பிலிப்பின் (கி.மு. 359–336) வெண்கலத்தில் முன்புறம் தலையில் நாடா கட்டிய அப்பல்லோ, பின்புறம் குதிரைமேல் அமர்ந்த இளைஞன். அவருடைய மகன் அலெக்சாண்டரின் வெண்கலத்தில் முன்புறம் சிங்கத்தோலைத் தலையில் போர்த்திய ஹெராக்ளிஸ், பின்புறம் அவனுடைய கதாயுதமும் உறையிலிட்ட வில்லும். சிசிலியில் சிராக்கூஸ் நகரத்தை ஆண்ட இரண்டாம் ஹியேரோனின் காசுகளும் ஏராளம். அவற்றுள் ஒருபுறம் கடற்கடவுள் பொசைடன், மறுபுறம் இரண்டு ஓங்கில்களுக்கு (டால்பின்களுக்கு) நடுவே அலங்கரித்த திரிசூலம் என்று அமைந்த காசு மிகவும் மலிவானது, ஓரளவு தேய்ந்தாலும் தெளிவாகத் தெரியக்கூடியது. கருங்கடலின் தென்கரையில் ஆறாம் மித்ரிடேட்டசின் காலத்தில், அதாவது உரோமோடு அவர் மோதிக்கொண்டிருந்த கி.மு. 1ஆம் நூற்றாண்டின் முற்பகுதியையும் உள்ளடக்கிய காலத்தில், அமிசோஸ், சினோப் முதலிய நகரங்கள் வெளியிட்ட தடித்த காசுகள் மூன்றாவது குடும்பம். பொதுவான வகைகளில், உருவமும் எழுத்தும் ஓரளவு தெரிகிற காசு ஒன்று ஐரோப்பிய வணிகர்களிடம் பெரும்பாலும் சில பத்து யூரோக்களுக்குள் கிடைக்கும்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு இந்தோ-கிரேக்க அரசர்களின் சதுர வெண்கலம் இன்னொரு நல்ல வாசல். மினாண்டரின் சிறு சதுரக் காசில் ஒருபுறம் யானைத்தலை, மறுபுறம் கதாயுதம். ஒரு பக்கம் கிரேக்கத்திலும் மறுபக்கம் கரோஷ்டி எழுத்தில் பிராகிருதத்திலும் அரசன் பெயர் இருக்கும். 1830களில் ஜேம்ஸ் பிரின்செப் முதலியோர் கரோஷ்டியைப் படிக்க வழிகாட்டியவை இத்தகைய இருமொழிக் காசுகளே. ஆயினும் இது தனியாகக் கற்க வேண்டிய துறை. மத்தியதரைக் காசுகளோடு கலந்து கற்றால் இரண்டும் குழம்பும்.

அளத்தலும் ஒளியில் சாய்த்துப் பார்த்தலும்

கருவிகள் சிலவே போதும்: 0.01 கிராம் வரை காட்டும் சிறு மின்னணுத் தராசு, காசில் கீறல் விழாத நெகிழி அளவி, பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கி, கழுத்தை வளைக்கக்கூடிய மேசைவிளக்கு. இவற்றுள் விளக்குதான் முதன்மையானது. நேர்மேலிருந்து விழும் ஒளியில் தேய்ந்த எழுத்து மறைந்துவிடும். அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, மேசைப்பரப்பை ஒட்டித் தாழ்வாக ஒளி விழும்படி வைத்து, காசை மெல்லச் சுழற்றினால், கால் மில்லிமீட்டர் உயரம்கூட இல்லாத எழுத்தின் நிழல் ஏதேனும் ஒரு கோணத்தில் எழும். அந்தக் கோணத்தில் உடனே ஒரு படம் எடுத்துவிட வேண்டும், ஏனெனில் அதே கோணம் மறுபடி வாய்ப்பது கடினம். நான்கு திசைகளிலிருந்து ஒளி விழும்படி எடுத்த நான்கு படங்களை அருகருகே வைத்துப் பார்த்தால், ஒன்றில் தெரியாத எழுத்தின் கால் மற்றொன்றில் தெரியும்.

விட்டம், எடை ஆகியவற்றோடு அச்சுக்கோணத்தையும் குறிக்க வேண்டும். முன்புற உருவம் நிமிர்ந்திருக்கும்படி காசைப் பிடித்து, நிலைக்குத்துக் கோட்டை மையமாக வைத்துப் பக்கவாட்டாகத் திருப்பினால், பின்புற உருவத்தின் தலை எந்தப் பக்கம் நோக்குகிறதோ அதைக் கடிகார மணியாகக் குறிப்பது வழக்கம். சில அச்சுக்கூடங்கள் இரு அச்சுகளையும் 12 மணி நிலையில் பொருத்தியே அடித்தன. சில எந்த ஒழுங்கையும் பின்பற்றவில்லை. ஒரு காசு மட்டும் இருக்கும்போது இந்த எண் எதையும் சொல்லாது, ஆனால் ஐயத்துக்குரிய இரண்டு நகரங்களுள் ஒன்றைத் தேர்வுசெய்ய நேரும்போது கைகொடுக்கும்.

வில்லையின் வடிவையும் கவனிக்க வேண்டும். எகிப்தை ஆண்ட டாலமி மரபினரின் வெண்கலங்கள் பலவற்றில் இருபுறமும் நட்ட நடுவில் ஒரு சிறு குழி இருக்கும். வில்லையைச் செப்பனிடும்போது ஏற்பட்ட குழி அது, துளையிட முயன்ற தடமென்று தள்ளிவிடக் கூடாது. விளிம்பு முழுவதும் பல்பல்லாக இருந்தால், பெரும்பாலும் சிரியாவை மையமாகக் கொண்டு ஆண்ட கி.மு. 2ஆம் நூற்றாண்டுச் செலூக்கிய அரசர்களைச் சுட்டும். கருங்கடலின் வடகரையிலுள்ள ஓல்பியாவில் ஓங்கில் வடிவிலேயே வார்த்த வெண்கலங்கள் புழங்கின. எழுத்து முற்றிலும் அழிந்த காசாயினும் இத்தகைய உடல் அடையாளம் தேடலைப் பாதியாகச் சுருக்கிவிடும்.

உருவமும் எழுத்தும்

நகரங்கள் தம் சின்னத்தைப் பெரும்பாலும் மாற்றாமல் வைத்திருந்தன. எபேசுக்குத் தேனீயும் மானும், ரோட்சுக்கு ரோசா மலர், மிலேட்டசுக்குத் திரும்பி விண்மீனைப் பார்க்கும் சிங்கம், கொரிந்துக்குச் சிறகுள்ள குதிரை, கருங்கடற்கரை அப்பொல்லோனியாவுக்கு நங்கூரம், பெர்கமோனுக்கு மருத்துவக் கடவுள் அஸ்கிளேப்பியசின் பாம்பு சுற்றிய கோல். கிரிமியாவின் பண்டிகாப்பையோன் நகரத்துக் காசில் கிரிபின் என்னும் கற்பனை விலங்கின் முன்பாதியும் அதன்கீழ் ஸ்டர்ஜியன் மீனும் இருக்கும். அந்த மீன்தான் ஐயத்தைத் தீர்க்கும், ஏனெனில் கிரிபினை வேறு நகரங்களும் பொறித்துள்ளன.

சின்னம் பல வேளைகளில் இடத்தைக் காட்டுமே தவிர முடிவைத் தராது. மித்ரிடேட்டஸ் காலக் காசுகளே இதற்குச் சரியான சான்று: முன்புறம் தலைக்கவசமணிந்த போர்க்கடவுள், பின்புறம் உறையிலுள்ள வாள் என்ற ஒரே அமைப்பைப் பல நகரங்கள் அடித்தன, நடுவில் கோர்கன் என்னும் பாம்புக்கூந்தல் அரக்கியின் முகம் கொண்ட கவசம், மறுபுறம் வெற்றித்தேவதை என்ற அமைப்பும் அப்படியே. அவற்றை வேறுபடுத்துவது வாளின் இருபக்கமும், தேவதையின் இருபக்கமும் பிரித்து எழுதிய நகரப்பெயர் மட்டுமே. அமிசோஸ் காசு மிகுதி, ஏனையவை அரிது என்பதால், பெயரைப் படிக்காமலேயே அமிசோஸ் என்று எழுதி விற்பவர்கள் உண்டு. பொறுமையாகப் படிப்பவருக்கு இங்கேதான் அரிய காசு மலிவாகக் கிடைக்கும்.

இருபத்துநான்கு கிரேக்கப் பெருவெழுத்துகளைக் கற்க ஒரு வார இறுதி போதும். வட்டத் தலையும் ஒற்றைக் காலும் கொண்டு ஆங்கிலத்தின் பதினாறாம் எழுத்துப்போலத் தோன்றுவது பகரம் அன்று, ரகர ஒலியுள்ள ரோ என்பதே தொடக்கத்தில் எல்லாரும் இடறும் இடம். ரோட்சின் காசுகள் பலவற்றில் நகரப்பெயருக்கு ரோவும் ஓமிக்ரோனும் மட்டுமே இருக்கும். அதைத் தவறாகப் படித்துவிட்டு இல்லாத நகரத்தைத் தேடுவோர் பலர். பிறைபோல் வளைந்த சிக்மா பெரும்பாலும் பிற்காலத்துக் காசைச் சுட்டும்.

காசுகளில் பெயர்கள் ஆறாம் வேற்றுமையில் இருக்கும் என்பதைத் தெரிந்துகொண்டால், முழுப்பெயரும் தெரியாதபோதும் பாதி வழி கடந்துவிடலாம். சொல் 'ஓன்' என்று முடிந்தால் அது பெரும்பாலும் ஒரு நகரத்து மக்களைக் குறிக்கும். 'எபேசியோன்' என்றால் எபேசு மக்களுடையது. 'ஊ' என்றோ 'ஓஸ்' என்றோ முடிந்தால் அரசனாக இருக்கலாம். 'பிலிப்பூ' என்றால் பிலிப்புடையது, 'ஹியேரோனோஸ்' என்றால் ஹியேரோனுடையது. 'பசிலெயோஸ்', அதாவது அரசனுடைய என்ற சொல்லில் இரண்டு எழுத்துகள் தெரிந்தால்கூட நகரக் காசுகள் அனைத்தையும் ஒதுக்கிவிடலாம். செலூக்கியக் காசுகளில் இச்சொல் வழக்கமாக உருவத்தின் வலப்பக்கம் மேலிருந்து கீழாகவும், அரசன் பெயர் இடப்பக்கமும் இருக்கும். எனவே இடப்பக்கம் எது மிஞ்சியிருக்கிறதோ அதன்மேல்தான் விளக்கைத் தாழ்த்த வேண்டும். அவ்வரசர்களின் சில காசுகளில் ஆண்டும், எண்களைக் குறிக்கும் கிரேக்க எழுத்துகளாக, இருக்கும். அவர்களுடைய ஆண்டுக்கணக்கு கி.மு. 312இல் தொடங்குவதால், 150ஆம் ஆண்டு என்றிருந்தால் அது கி.மு. 163/162. ஆண்டு பொறித்த தேய்ந்த காசு, ஆண்டில்லாத பளபளப்பான காசைவிட எனக்கு உயர்ந்தது.

முன்புறத்தில் உரோமப் பேரரசரின் முகமும் எழுத்து கிரேக்கத்திலும் இருந்தால் அது உரோம மாகாணக் காசு. அதற்கெனத் தனித் தொகுதிகளும் இணையத் தரவகமும் உள்ளன. கிரேக்கக் காசுத் தொகுதிகளில் அதைத் தேடிக் களைப்பதில் பயனில்லை.

ஒரே குதிரைவீரன், மூன்று அரசர்கள்

பின்புறத்தில் வலப்பக்கம் நோக்கிச் செல்லும் குதிரைவீரன் மட்டும் தெளிவாகத் தெரிகிற ஒரு காசு கையில் இருப்பதாகக் கொள்வோம். இந்த அமைப்பைப் பல அரசுகள் பயன்படுத்தியிருந்தாலும், சந்தையில் அடிக்கடி எதிர்ப்படுபவர்கள் மூவர்: இரண்டாம் பிலிப்பு, அவருடைய மரபுக்குப் பின் மாசிடோனியாவைக் கைப்பற்றிய கசாண்டர், சிராக்கூசின் இரண்டாம் ஹியேரோன்.

முதலில் விட்டம். 26 மில்லிமீட்டருக்கு மேலும் 15 கிராமுக்கு மேலும் இருந்தால் ஹியேரோன் என்று எண்ணத் தொடங்கலாம். மாசிடோனியக் காசுகள் இரண்டும் 17 முதல் 20 மில்லிமீட்டருக்குள், ஆறேழு கிராம் அளவில் நிற்பவை. அடுத்து முன்புறம். ஹியேரோன் காசில் இருப்பது முடிநாடா கட்டிய அரசனின் தலை, இடப்பக்கம் நோக்கியது. மாசிடோனியக் காசில் முகத்தைச் சுற்றிச் சிங்கத்தோலின் தாடை தெரிந்தால் ஹெராக்ளிஸ், ஆகவே கசாண்டர். இளமையான முகமும் தலைமுடியைச் சுற்றிய நாடாவும் தெரிந்தால் அப்பல்லோ, ஆகவே பிலிப்பு. முகம் முற்றிலும் தேய்ந்திருந்தால் தலையின் புறவரையைப் பார்க்க வேண்டும்: சிங்கத்தோல் போர்த்திய தலை கழுத்தருகே முடிச்சிட்டதுபோல் தடித்திருக்கும், நாடா கட்டிய தலையில் கழுத்து மெலிந்து வெறுமையாக இருக்கும்.

மூன்றாவதாக எழுத்து. பிலிப்பின் காசில் பெயர் மட்டும் குதிரைவீரனுக்கு மேலே இருக்கும், அரசன் என்ற பட்டம் இராது. கசாண்டரின் காசில் மேலே பட்டமும் கீழே பெயரும் இருக்கும். ஹியேரோன் காசில் பெயர் குதிரையின் கால்களுக்குக் கீழே நிலக்கோட்டின் அடியில் இருக்கும். வில்லை சிறிதாகி அச்சு விலகியிருந்தால் முதலில் வெட்டுப்படுவது அதுதான். நான்காவதாக, குதிரையின் வயிற்றுக்குக் கீழுள்ள சிறு குறிகள்: இடிக்கணை, சூலமுனை, ஒற்றை எழுத்து. காசு எந்த அரசனுடையது என்பதை அறிந்தபின், எந்த வெளியீடு என்பதை நிறுவ இவையே உதவும்.

இவ்வளவும் செய்தபின்தான் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை. அமெரிக்க நாணயவியல் கழகம் பிலிப்பு, அலெக்சாண்டர் காசுகளுக்கும், செலூக்கிய, டாலமி காசுகளுக்கும் தனித்தனி இணையத் தரவகங்களைக் கட்டணமின்றித் திறந்து வைத்திருக்கிறது. பெர்லின் அரசு அருங்காட்சியகத்தின் காசுப்பிரிவும் நல்ல படங்களைத் தருகிறது. ஏலப்படங்களின் சேகரங்கள் பயனுள்ளவைதாம், ஆனால் அங்குள்ள விளக்கங்கள் விற்பவர் எழுதியவை. ஒருவர் செய்த பிழையை அடுத்தவர் படியெடுத்து எழுதுவது அங்கே அன்றாட நிகழ்வு. கைபேசியில் படம் எடுத்துத் தேடும் வழி, காசு நன்றாக இருந்தால் பயன்படும். தேய்ந்த வெண்கலத்தில் அது நம்பிக்கையோடு தவறான விடையைச் சொல்லும்.

போலியும் திருத்தமும்

மலிவான வெண்கலத்தை யார் போலி செய்யப்போகிறார்கள் என்று எண்ணக் கூடாது. சுற்றுலாத் தலங்களில் விற்கும் வார்ப்புகள் ஒருபுறம். விற்பனைத் தளங்களில் ஒரே காசைப் பத்துப் பேர் பத்துப் பெயரில் விற்பது மறுபுறம். வார்ப்புப் போலியில் எழுத்தின் ஓரங்கள் சோப்பில் பதிந்ததுபோல் மழுங்கியிருக்கும், உருப்பெருக்கியில் குமிழ்த் துளைகள் தெரியும், விளிம்பில் அரத்தால் தேய்த்த தடம் இருக்கும். விளிம்பில் சிறு கொம்பு நீட்டிக்கொண்டிருப்பதை மட்டும் வைத்துப் போலி என்று சொல்லிவிடக் கூடாது. பண்டைக்காலத்தில் வில்லைகளை வரிசையாக வார்த்து, வெட்டிப் பிரித்து, அதன்பின் அச்சால் அடித்த அச்சுக்கூடங்கள் பல இருந்தன. இரண்டு காசுகள் ஒரே அச்சைச் சேர்ந்தவையாக இருப்பது இயல்பு. ஆனால் ஒரே வெடிப்பு, ஒரே விலகல், ஒரே தேய்மானம் என எல்லாமே ஒத்திருந்தால் இரண்டில் ஒன்றாவது வார்ப்பு.

இதைவிட மிகுதியாகக் காணப்படுவது திருத்தம். அசல் காசின் பின்னணியைச் சுரண்டிச் சமப்படுத்தி, மழுங்கிய தலைமுடியைக் கூர்க்கருவியால் மறுபடி செதுக்கி, மேலே பச்சை நிறம் பூசி விற்பார்கள். பஞ்சில் சிறிது அசிட்டோன் தொட்டுத் துடைத்தால் பூச்சு பெரும்பாலும் கரையும். (தீப்பற்றக்கூடியது, சன்னலைத் திறந்துவைத்துச் செய்ய வேண்டும்.) தலைமுடியின் கோடுகள் மட்டும் கூர்மையாகவும், அருகிலுள்ள எழுத்துகள் தேய்ந்தும் இருந்தால், அந்தக் காசைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

களிம்பும் பாதுகாப்பும்

பித்தளைக் குத்துவிளக்கைப் புளியிட்டுத் துலக்குவதுபோல் காசைத் துலக்கினால் கதை முடிந்தது. புளி, எலுமிச்சை, வினிகர் ஆகிய எந்தப் புளிப்பும், பொடியும், கம்பித்தூரிகையும் ஆகாது. இருபது நூற்றாண்டு மண்ணில் கிடந்து உருவான பச்சை அல்லது பழுப்புக் களிம்பின் படலத்தில்தான் உருவத்தின் நுண்மை மிஞ்சியிருக்கிறது. அதை நீக்கினால் அடியில் கிடைப்பது சிவந்த, குழிவிழுந்த செம்பு மட்டுமே. மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் பல நாள் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி, பல்குத்தும் மரக்குச்சியால் மெல்ல நீக்குவதற்கு மேல் புதியவர் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

கவலைப்பட வேண்டிய களிம்பு ஒன்று உண்டு. கெட்டியான படலத்தின் நடுவே வெளிர்பச்சைத் தூள் பூத்து, குச்சியால் தொட்டால் உதிர்ந்து, கீழே குழி தெரிந்தால், உலோகத்துக்குள் தங்கிய குளோரைடு காற்றின் ஈரத்தோடும் ஆக்சிஜனோடும் வினைபுரிகிறது என்று பொருள். கவனியாது விட்டால் அது காசைத் தின்றுகொண்டே போகும். தூளை நீக்கி, காய்ச்சி வடித்த நீரில் வாரக்கணக்கில் ஊறவைத்து, முற்றிலும் உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு காற்றுப்புகாத பெட்டியில் தனியாக வைத்துக் கவனிக்க வேண்டும். பென்சோடிரையசோல் போன்ற வேதிப்பொருள்களைப் பழுதுகாப்பு வல்லுநர்கள் பயன்படுத்துகிறார்கள்; அவை நச்சுத்தன்மை உடையவை, சமையலறை மேசைக்கு உரியவை அல்ல.

சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் போன்ற கடலோர நகரங்களில் வாழ்வோர் இதில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும், ஏனெனில் பெட்டிக்குள் காற்றின் ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்குக் கீழே இருப்பது விரும்பத்தக்கது. அங்கெல்லாம் வெளியே அது ஏறத்தாழ இருமடங்கு. மென்மையான பி.வி.சி. உறைகள் நாளடைவில் பச்சைப் பிசினாகக் கசியும். பாலியெஸ்டர் உறையோ அமிலமற்ற தாளுறையோ நல்லது. புதிய ஒட்டுப்பலகைப் பெட்டியின் ஆவி உலோகத்துக்கு ஆகாது. இரும்புப் பீரோவுக்குள் காற்றுப்புகாத நெகிழிப்பெட்டி என்பதே நம் ஊர்களுக்குப் போதுமான ஏற்பாடு.

எங்கிருந்து வாங்குவது

கழுவாத மண்காசுகளை மொத்தமாக வாங்கிச் சுத்தம் செய்யும் பொழுதுபோக்கைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். நான் பரிந்துரைக்க மாட்டேன். அண்மையில் எங்கோ திருட்டுத்தனமாகத் தோண்டப்பட்டவையாக அவை இருக்க வாய்ப்பு மிகுதி. அவற்றில் படிக்கத்தக்க காசும் அரிது. பழைய சேகரிப்பிலிருந்து வந்தது, முந்தைய ஏலத்தில் விற்றது என்று தாளில் காட்டக்கூடிய வணிகரிடம் சற்றுக் கூடுதல் விலை கொடுத்து வாங்குவது மேல். துருக்கி, கிரீஸ் போன்ற நாடுகளில் சந்தையிலோ வயலோரத்திலோ யாராவது காசை நீட்டினால் கையில் வாங்கவே கூடாது. அதை வெளியே கொண்டுவர முயல்வது சிறைக்குரிய குற்றம்.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டு கடந்த காசும் தொல்பொருள் என்ற வரையறைக்குள் வரும். தனியார் அதை நாட்டை விட்டு அனுப்ப முடியாது. வெளிநாட்டில் வாங்கி வருவித்த காசைப் பின்னர் வெளிநாட்டு ஏலத்தில் விற்கலாம் என்ற கணக்கோடு வாங்குவோர் இதை முன்பே எண்ணிப் பார்க்க வேண்டும். மண்ணுக்கடியில் கிடைத்த புதையல் பற்றி 1878ஆம் ஆண்டுச் சட்டமும் நடப்பில் உள்ளது. கரூரில் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்த, உரோமக் காசல்லாத அயல்நாட்டுக் காசுகளை இரா. கிருஷ்ணமூர்த்தி ஆராய்ந்து 2000இல் நூலாக வெளியிட்டபின், கரூர் என்ற பெயருக்கு வணிகத்தில் தனி மதிப்பு வந்துவிட்டது. கிரேக்கக் காசு ஒன்றைக் கரூரில் கிடைத்தது என்று யாராவது வாய்மொழியாகச் சொல்லி விலையை ஏற்றினால், சான்று கேட்க வேண்டும். சான்றில்லையெனில் அந்தச் சொல்லுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

வாங்கிய ஒவ்வொரு காசுக்கும் ஓர் அட்டை எழுதி உறைக்குள்ளேயே வைத்துவிட வேண்டும்: விட்டம், எடை, அச்சுக்கோணம், தெரியும் உருவம், தெரியும் எழுத்து, வாங்கிய இடமும் நாளும் விலையும், பழைய உரிமையாளர் தாள் இருந்தால் அதுவும். தெரிகிற எழுத்தை ஒரு வரியிலும், ஊகித்த எழுத்தைச் சதுர அடைப்புக்குள்ளும் தனித்தனியாக எழுத வேண்டும். எந்த நகரம் என்ற முடிவைப் பென்சிலால் எழுதினால் போதும்.